கடல் பசுவும் தேன்தின்னியும்

எங்க ஊர் பேரைக் கேட்ட உடனே, "அப்போ ஒரு காலத்துல நல்லா சாகுபடி நடந்த ஊரா?" என்று கேட்பவர்கள் உண்டு. சாகுபுரத்துக்கும் சாகுபடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே ரசாயனத் தொழிற்சாலை கொண்டுவந்த சாகு ஜெயின் குடும்பத்தின் பெயர்தான் ஊருக்கு வந்தது. சுற்றிலும் உப்பளம், நெல்லைத் தேடினால் ஆத்தூர் பக்கம்தான் போகணும். ஆனாலும் காதில் விழும்போது சாகுபடி என்ற விளக்கம்தான் இயல்பாக இருக்கு. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் முதல் பகை இந்த 'இயல்பாக இருக்கு' என்பதுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பகையோடு கொஞ்சம் மல்லுக்கட்டப் போறேன்.

ஸ்லாவிய மொழிகளில் விலங்குகளுக்குப் பெயர் வந்த கதையைச் சில வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாம் அந்தக் குடும்பம். படிக்கிற சூட்டோடு ஒரு சாயங்காலம் காயல்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்து, மெதுவா கேட்டேன்.

"அண்ணாச்சி, முன்னாடி இந்தக் கடல்ல கடல் பசு உண்டுமா?"

ஊசி நின்றது. அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை.

"அது பேர எதுக்கு தம்பி இங்க எடுக்கிய? எவன் காதுலயாவது விழுந்தா நாளைக்கு வந்து நிப்பான். அந்த உருப்படி இப்ப இங்க இல்ல."

'அந்த உருப்படி'. அன்று காலைதான் கரடியைப் பற்றிப் படித்திருந்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கரடிக்கு ரஷ்யனில் 'மெத்வேத்'. செக்கிலும் செர்பியனிலும் ஏறக்குறைய அதே சொல். போலந்துக்காரர்கள் மட்டும் முதல் எழுத்தை 'ந'வாக மாற்றிக்கொண்டார்கள். பழைய ஸ்லாவிய மொழியில் இதைப் பிரித்தால் 'மெது' என்பது தேன், 'ஏத்' என்பது தின்பது. ஆக, தேன்தின்னி. இது விலங்கின் பெயரே கிடையாது, ஒரு பட்டப்பெயர். உண்மைப் பெயர் வேறொன்று இருந்தது. அந்தப் பெயர் கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', சமஸ்கிருதத்தில் 'ருக்ஷ' என்று இன்றும் இருக்கிறது. ஜாம்பவானை ருக்ஷராஜன் என்கிறோமே, அதே சொல். வடதுருவத்தை ஆர்க்டிக் என்பதும் கரடி பேரால்தான். வடக்கு வானத்தில் கிரேக்கர் கண்ட கரடி விண்மீன் கூட்டம் அது. தெற்கே வந்தவர்களும் கிரேக்கத்தில் தங்கியவர்களும் அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கரடியோடு ஒரே காட்டில் குடியிருந்த ஸ்லாவியர்களிடம் அது காணாமல் போனது.

ஏன் போனது? மொழியியலாளர் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம் பயம். பேரைச் சொன்னால் அது வந்துவிடும். வேட்டைக்குப் போகிறவன், வேட்டையாடப்போகும் மிருகத்தின் பேரை உரக்கச் சொல்லமாட்டான். 'தேன்தின்னி' என்றான். அவன் பேரன் காலத்தில் தேன்தின்னி என்பதே உண்மைப் பெயர் ஆகிவிட்டது. உடனே அதுவும் பயம் தரும் பெயர் ஆயிற்று. அப்புறம் அதற்கும் மேல் மறைப்பு: 'கோணக்காலன்' என்று பொருள்படும் சொல், 'எசமான்' என்று பொருள்படும் சொல், இதெல்லாம் ரஷ்யப் பேச்சில் கரடிக்கு வந்து சேர்ந்தன. பேரை மறைக்க ஒரு பேர், அந்தப் பேரை மறைக்க இன்னொரு பேர். இதற்கு முடிவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம். 'மெது' என்றதும் நம்ம ஆட்களுக்கு 'மது' ஞாபகம் வரும். வரட்டும், தப்பில்லை, இரண்டும் உறவுதான். ஆனால் அந்த உறவு சமஸ்கிருத 'மது' வழியாக வருவது. தமிழ் அந்தச் சொல்லை அங்கிருந்து வாங்கிக்கொண்டது. ரிக்வேதத்தில் 'மத்வத்' என்று ஒரு சொல் உண்டு, இனிப்பைத் தின்பது என்று பொருள். அங்கே அது கரடி இல்லை, மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைகள். ஸ்லாவியக் கரடியும் வேதத்துப் பறவையும் ஒரே இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த பெயர்கள். இதை எப்படி நம்புவது? ஒரு சொல் ஒத்துப்போனதால் இல்லை. நூற்றுக்கணக்கான சொற்களில் இந்த ஒலிக்கு அந்த ஒலி என்ற கணக்கு மாறாமல் நிற்பதால். 'ரஷ்யக் கரடி பேசுவது தமிழ்' என்று யாராவது உங்களுக்கு அனுப்பினால், இந்தக் கணக்கு எங்கே என்று கேளுங்க.

நம்ம பக்கத்து ஆளே ஒருத்தர் இந்த விளையாட்டில் பெரிய பந்தயம் கட்டியிருக்கிறார். ராபர்ட் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்தவர், கொற்கையிலும் பழைய காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த சரக்குப் பட்டியலில், எபிரேய வேதாகமத்தில், 'துக்கியீம்' என்று ஒன்று வருகிறது. அது மயில், அந்தச் சொல் தமிழ்த் 'தோகை' என்றார் கால்டுவெல். உலகத்தில் எழுத்தில் பதிந்த திராவிடச் சொற்களிலேயே பழசு இதுவாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! கொற்கைக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் அந்த எபிரேயச் சொல்லுக்கு மயில் என்ற பொருளே சந்தேகம், அது எகிப்திய மொழி வழியாக வந்த ஒரு குரங்கின் பெயர் என்று பின்னால் வாதிட்டவர்கள் உண்டு. பட்டியலில் அதற்குப் பக்கத்துச் சரக்கும் குரங்குதான். இன்னொன்றும் இருக்கு: பறவைக்கு நம்ம பெயர் மயில், தோகை அதன் உறுப்பு. மயில் என்ற சொல்லுக்குச் சான்று இன்னும் உறுதியானது. சமஸ்கிருத 'மயூர' திராவிடத்திலிருந்து போனது என்பதை ஏற்பவர்கள் அதிகம். தோகையை விட்டுவிட்டு மயிலைப் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

சரி, பெயர் மறைப்புக்கு வருவோம். இது ஏதோ பனிக்காட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம்ம வீட்டில் ராத்திரி பாம்பு என்று சொல்லவிட்டார்களா? 'பூச்சி' என்பார்கள். ஆளைக் கொல்லும் நாகத்துக்கு நாம் வைத்த பெயர் 'நல்ல' பாம்பு. அந்த 'நல்ல' பாராட்டு இல்லை, கும்பிடு. வைசூரி வந்த வீட்டில் வியாதி பேர் சொல்லமாட்டார்கள், 'அம்மை வந்திருக்கா'. கரடி விஷயத்திலும் நம்மிடம் ஒரு கதை உண்டு. சங்கநூல்களில் அதன் பெயர் 'எண்கு'. இன்றைக்கு எண்கு என்று சொன்னால் தமிழாசிரியரைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கரடி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. உடனே 'பார்த்தீர்களா, இங்கேயும் பயம்' என்று முடிச்சுப் போட ஆசை வரும். பழைய சொல் சாவதற்குப் பயம் ஒன்றுதான் காரணம் என்று கிடையாது. ஸ்லாவியப் பெயரில் 'தேன்தின்னி' என்ற மறைப்பே கண்ணுக்குத் தெரிகிறது. கரடியில் அப்படித் தெரியவில்லை. அதனால் முடிச்சை அவிழ்த்தே வைக்கிறேன்.

கடற்கரைப் பெரியவர் பயந்தது கடல் பசுவுக்கு இல்லை. அது புல் மேயும் பிராணி. 3 மீட்டர் நீளம் வளரும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும், மூச்சு வாங்க மேலே வரும், யாரையும் கடிக்காது. அவர் பயம் சட்டத்துக்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி அது. கடல் ஆமையும் அப்படி. 2001-இல் கடல் அட்டையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதுவரை கடல் அட்டை எடுத்து அவித்துக் காயவைத்து விற்றது குடும்பத்தோடு செய்த தொழில். ஒரு நாள் காலையில் பிழைப்பு குற்றமாகிவிட்டது. அந்தப் பிராணிகளைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெயர்களுக்கு என்ன ஆகிறது என்றும் பார்க்கணும். முன்பு கரையில் கூவிச் சொன்ன சொல், இப்போது 'உருப்படி', 'அது', 'அந்தச் சாமான்'. ஸ்லாவிய வேட்டைக்காரன் செய்தது இதேதான். அங்கே பேரைச் சொன்னால் கரடி வரும், இங்கே பேரைச் சொன்னால் ஜீப் வரும். புத்தகத்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய விஷயமாகப் படித்தது, என் கண் முன்னாலேயே ஒரு வலையூசி நிற்கிற நேரத்தில் நடந்தது.

அட்டையைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நாம் அதில் ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பார்த்தோம், கடல் அட்டை ஆக்கினோம். போர்ச்சுக்கீசியர் 'கடல் புழு' என்றார்கள். ஆங்கிலேயர் வெள்ளரிக்காயைப் பார்த்தார்கள். ரஷ்யர்களும் 'கடல் வெள்ளரி' என்பார்கள், கூடவே மலாயிலிருந்து வந்த 'திரிபாங்' என்ற சொல்லையும் வைத்துக்கொண்டார்கள். சீனர்கள் மட்டும் 'கடல் ஜின்செங்' என்றார்கள், அதாவது விலைமதிப்புள்ள மருந்துக் கிழங்கு. பிராணி ஒன்றுதான். வாங்குகிறவனுக்கு மருந்து, பிடிக்கிறவனுக்கு அட்டை.

கரையில் தெரிந்ததைக் கடலில் இருப்பதற்குப் போர்த்துவது தமிழில் மிகப் பழைய பழக்கம். தொல்காப்பிய மரபியலில் எந்த விலங்கின் ஆணை, பெண்ணை, குட்டியை என்ன பெயரால் சொல்லலாம் என்று ஒரு நீண்ட விதிப்பட்டியல் உண்டு. மாட்டில் ஆண் 'ஏறு'. அந்தப் பட்டியலுக்கு நடுவில் ஆசிரியர் சட்டென்று கடலுக்குத் திரும்பி, சுறாவையும் ஏறு என்று சொல்லலாம் என்கிறார். பெண்பால் பெயர்களில் 'நாகு' என்றால் இளம் பசு, எருமை. அங்கேயும் நீர்வாழ்வனவற்றில் நந்து, அதாவது நத்தை, சங்கு இனம், நாகு எனப்படும் என்கிறார். சுறா காளை, சங்கு கிடாரி! மரபியல் பிற்சேர்க்கை என்று சொல்வோரும் உண்டு, இருந்தாலும் பழசுதான். தூத்துக்குடியில் சங்கு குளித்த பரம்பரைக்காரர்கள் யாருக்கும் இந்த விதியைப் படித்திருக்கத் தேவையில்லை, கடலை ஒரு மந்தையாகப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதில்லை. கடல் பசு, கடல் குதிரை, ஆனைத்திருக்கை எல்லாம் அந்த மந்தையில் சேர்த்தி.

ஒரு இடத்தில் மட்டும் காலை எடுத்து வைக்கும் முன் யோசிக்கணும். சுறாவுக்கும் திருக்கைக்கும் இடைப்பட்ட உடம்போடு, மூக்கு நீண்டு, மணலில் படுத்துக் கிடக்கும் மீனுக்கு 'உழுவை' என்று பேர். உலகத்து மீன்களிலேயே பெரிய, புள்ளி போட்ட சுறாவுக்கு மீன்நூல்கள் கொடுக்கும் தமிழ்ப் பெயர் 'அம்மணி உழுவை'. சங்கத்தமிழில் உழுவை என்றால் புலி. கோடு போட்ட புலி, புள்ளி போட்ட சுறா, ஆகா பொருந்துதே! பொருந்தட்டும். ஒலி ஒன்று என்பதற்காகப் புலியைப் பிடித்துக் கடலில் விடுவது சாகுபுரத்தைச் சாகுபடி ஆக்குவது மாதிரி. 'அம்மணி' மட்டும் என்னைக் கொஞ்சம் இழுக்குது. அவ்வளவு பெரிய உடம்பு, சாதுவான குணம். அம்மை, நல்ல பாம்பு வரிசையில் வைத்துப் பார்க்கத் தோன்றும் மரியாதைச் சொல் அது.

கடல் பசு என்ற பெயருக்கு ஸ்லாவிய நாட்டிலும் ஒரு கிளை இருக்கு, அது துக்கமான கிளை. 1741-இல் பேரிங் தலைமையில் போன ரஷ்யக் கப்பல் பசிபிக்கின் வடகோடித் தீவு ஒன்றில் உடைந்தது. கப்பலில் இருந்த ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அங்கே நம்ம கடல் பசுவின் இனத்தைச் சேர்ந்த, அதைவிடப் பல மடங்கு பெரிய பிராணியைக் கண்டு விவரம் எழுதி வைத்தார். ரஷ்யர்கள் அதையும் 'கடல் பசு' என்றார்கள். இன்னொரு பெயரும் வைத்தார்கள்: 'கபூஸ்த்னிக்'. கபூஸ்தா என்றால் முட்டைக்கோஸ். கடல்பாசியை அவர்கள் 'கடல் முட்டைக்கோஸ்' என்பார்கள். அதாவது முட்டைக்கோஸ்காரன். தேன்தின்னிக்குப் பெயர் வைத்த அதே புத்தி, தின்பதை வைத்துப் பெயர். ஆனால் இந்த முறை பயம் இல்லை, பசி. கொழுப்புக்கும் இறைச்சிக்கும் வேட்டையாடினார்கள். 1768-க்குள் இனமே முடிந்தது. கண்டுபிடித்து 27 வருடம். பெயர் வைத்து முடிப்பதற்குள் பிராணி தீர்ந்துவிட்டது.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. கடல் பசுவுக்கும் பசுவுக்கும் நெருங்கிய ரத்த உறவு கிடையாது. இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. எதிர்க்கரையில் சிங்களவர் அதைக் 'கடல் பன்றி' என்கிறார்கள், அதுவும் குறி தப்பியதுதான். யானையைக் குறி தப்பியவர்களில் ஸ்லாவியர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒட்டகத்துக்கு ரஷ்யனில் 'வெர்ப்லூத்'. இதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், கோத்திய மொழியில் ஒட்டகத்துக்கு இருந்த 'உல்பாந்துஸ்' வரும். அதன் வேர் கிரேக்க 'எலிபாஸ்', அதாவது யானை! யானையையும் ஒட்டகத்தையும் நேரில் பார்க்காதவர்கள், தூரத்து நாட்டில் ஏதோ பெரிய மிருகம் இருக்காம் என்று கேள்விப்பட்டு, ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு மாட்டிவிட்டார்கள்.

சிரிக்க வேண்டாம், நாமும் அப்படித்தான். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி கரைகளில் 80-க்கும் மேற்பட்ட பெரிய கடல் பிராணிகள் வந்து ஒதுங்கின. இங்கிருந்து பக்கம்தான். மீனவர்கள் இழுத்துக் கடலுக்குள் விட, அதில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. அதே பகுதியில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியதாகவும் பதிவு இருக்கிறது. பத்திரிகை எல்லாம் 'திமிங்கலம்' என்றே எழுதின. உயிரியல் வகைப்படி அவை ஓங்கில் குடும்பம், அதாவது டால்பின் வகையறா. திமிங்கலம் என்ற சொல்லே கரையில் பிறந்தது இல்லை, சமஸ்கிருதத் 'திமிங்கில'. திமி என்ற பெரிய மீனையே விழுங்குவது என்று அர்த்தம். அதையும் விழுங்கும் 'திமிங்கிலகில' என்று ஒன்றைக் கற்பனை செய்தவர்கள் அவர்கள். ரஷ்யனில் திமிங்கலத்துக்குக் 'கித்'. கிரேக்கத்தில் எந்தக் கடல் பூதத்துக்கும் சொன்ன 'கேத்தோஸ்' அது, யோனாவை விழுங்கிய கதையோடு வேதாகமம் வழியாக வந்தது. கடலே பார்க்காத ஊர்க்காரனுக்கும் கடலிலேயே கிடக்கும் நமக்கும் இந்த ஒரு பிராணிக்குப் பெயர் ஏட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதாவது அந்தப் பெயர் இப்போது அரசாணையில் தைரியமாக இருக்கிறது, கரையில்தான் பயந்து இருக்கிறது.

பெரியவரிடம் நான் மேலே எதுவும் கேட்கவில்லை. மீன் விலை, மழை, பேரன் கப்பலில் வேலைக்குப் போன கதை என்று பேச்சு எங்கெங்கோ போனது. இருட்டி, நான் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்த பிறகுதான் அவராகச் சொன்னார், குரல் தாழ்த்தி.

"சின்ன வயசுல எங்க ஐயா கூட ராமேஸ்வரம் பக்கம் சங்கு குளிக்கப் போயிருக்கேன் தம்பி. அங்கிட்டு ஆவுளியாம்பாவ. குட்டிய அணைச்சுக்கிட்டு நிக்கும். நான் பாத்திருக்கேன்."

'ஆ' என்றால் பசு, ஆகவே ஆவுளியா என்று எழுதக் கை துடிக்குது. மிச்சம் இருக்கும் 'உளியா'வுக்கு யாராவது கணக்கு சொல்கிற வரைக்கும் எழுதமாட்டேன். நோட்டில் பெயரை மட்டும், அவர் சொன்னபடியே குறித்து வைத்திருக்கிறேன்.